காரணம் என்றொரு கட்டம்

ஒவ்வோர் ஆண்டும் முதல் இடைப்பருவத் தேர்வு முடிந்த வாரத்தில் நாங்கள் ஒரு தாளை நிரப்பித் தலைமையாசிரியரிடம் கொடுப்போம். மெல்லக் கற்போர் பட்டியல். வரிசை எண், பெயர், மதிப்பெண், காரணம், எடுக்கப்பட்ட நடவடிக்கை என்று ஐந்து கட்டங்கள். பதினாறு ஆண்டுகளாகக் கணக்கு ஆசிரியராக இருக்கிறேன். மதிப்பெண் கட்டத்தை நிரப்ப விடைத்தாள் கட்டைப் பிரிக்க வேண்டும். காரணம் கட்டத்துக்கு எதையும் பிரிக்க வேண்டியதில்லை. கவனக்குறைவு, பயிற்சியின்மை, வருகை குறைவு, வீட்டுச் சூழல். இந்த நான்கையும்தான் மாற்றி மாற்றி எழுதி வந்திருக்கிறேன். இருபது பிள்ளைகளுக்குக் காரணம் எழுத எனக்குப் பத்து நிமிடம்கூட ஆனதில்லை. அந்தப் பத்து நிமிடம்தான் ஏறக்குறைய ஒரு வருடமாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. காலாண்டு விடுமுறையில் விடைத்தாள்களோடு உட்கார்ந்திருக்கும்போது அதைப் பற்றி எழுதிவிடலாம் என்று தோன்றியது.

எங்கள் பள்ளி இருப்பது காவிரிக் கரையில், விசைத்தறிகள் நிறைந்த ஓர் ஊரில். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் போய் வந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். வகுப்பில் நான் பேச்சை நிறுத்தினால் தறிச் சத்தம் கேட்கும். காலையில் வரும் பிள்ளைகளின் தலைமுடியில் பஞ்சுத் துணுக்கு ஒட்டியிருக்கும். அதை வைத்தே யார் வீட்டிலிருந்து வருகிறார்கள், யார் தறிப் பட்டறையிலிருந்து நேராக வருகிறார்கள் என்று சொல்லிவிடலாம். நானும் சொல்லிவிடுவேன். ஆனால் சொன்னதோடு சரி. அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

முப்பத்தைந்து

பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள் 100 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, இரண்டு மதிப்பெண்ணுக்குப் பத்து, ஐந்து மதிப்பெண்ணுக்குப் பத்து, கடைசியில் எட்டு எட்டாக வடிவியலும் வரைபடமும். தேர்ச்சி பெற 35 போதும். கணக்கு ஆசிரியர்கள் எல்லோருக்கும் ஒரு சூத்திரம் மனப்பாடம். வடிவியலும் வரைபடமும் சேர்ந்து 16. புத்தகத்தில் பாடத்தின் கடைசியில் இருக்கும் ஒரு மதிப்பெண் வினாக்களைத் திரும்பத் திரும்ப எழுத வைத்தால் ஒரு பத்து. கார்ட்டீசியன் பெருக்கல் ஒன்று, அணிகளில் கூட்டல் ஒன்று, நிரை நிரல் மாற்று அணி ஒன்று. இவற்றையும் சேர்த்தால் 32. இன்னும் இரண்டு சின்னக் கணக்கு போட்டால் பையன் கரையேறிவிடுவான். தொடுகோடு வரைவதற்கு எந்தப் பிள்ளையையும் பதினைந்து நாளில் பழக்கிவிடுவேன். எங்கள் வட்டாரத்தில் எனக்கு அதில் நல்ல பெயர் உண்டு. மற்ற பள்ளிகளிலிருந்து மாலைச் சிறப்பு வகுப்புக்குக் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

அந்தச் சூத்திரத்தை இப்போது திரும்பிப் பார்க்கிறேன். அதில் ஒரு வரிகூட வாசிக்க வேண்டியதில்லை. வடிவியலில் கேள்வியிலிருந்து இரண்டு எண்களை எடுத்தால் போதும். ஒரு மதிப்பெண் வினாவில் விடையின் வடிவம் நினைவிருந்தால் போதும். அணி என்றால் அடைப்புக்குறியைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். தமிழ் வாசிக்கவே தெரியாத ஒரு பிள்ளையைத் தமிழ் வழியில் பத்தாம் வகுப்புக் கணக்கில் தேர்ச்சி பெற வைக்க எனக்குத் தெரியும். அப்படி எத்தனை பேரைத் தேர்ச்சி பெற வைத்திருக்கிறேன் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. நான் பார்க்கவே இல்லை.

அழகான கையெழுத்து

அவன் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஏன் என்பது போகப் போகப் புரியும். 2024-ல் ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் வந்தான். மூன்றாவது பெஞ்சு, சுவரோரம். சேட்டை கிடையாது. திங்கட்கிழமைகளில் வர மாட்டான், வந்தால் இரண்டாவது பாடவேளையில் தூங்குவான். கையெழுத்து அவ்வளவு அழகாக இருக்கும். வகுப்பிலேயே அவன் நோட்டுதான் முதல் தரம். பள்ளிப் பார்வைக்கு அதிகாரிகள் வந்தபோது அவன் நோட்டைத்தான் எடுத்து நீட்டினேன். ஆனால் தேர்வில் இருபதைத் தாண்ட மாட்டான். பட்டியலில் அவன் பெயருக்கு நேரே 'கவனக்குறைவு' என்று எழுதினேன். தூங்குகிற பையன், நன்றாக எழுதுகிற பையன், மதிப்பெண் வாங்காத பையன். இவனுக்குக் கவனக்குறைவைத் தவிர வேறென்ன இருக்க முடியும் என்று நினைத்தேன்.

நவம்பர் மாதம். ஒருங்கமை நேரியல் சமன்பாடுகள் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் 3x + 2y = 80, x + 2y = 60 என்று எழுதி, யார் போடுகிறீர்கள் என்றேன். யாரும் எழவில்லை. அவனைக் கூப்பிட்டேன். வந்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, x பத்து, y இருபத்தைந்து என்று ஒரு நிமிடத்துக்குள் எழுதிவிட்டுப் போய் உட்கார்ந்தான். எனக்கு அன்று அவ்வளவு சந்தோஷம். மறுநாள் ஒரு சின்னத் தேர்வு வைத்தேன். அதே கணக்குதான், ஆனால் வாக்கியமாக. மூன்று பேனாவும் இரண்டு நோட்டும் சேர்த்து 80 ரூபாய், ஒரு பேனாவும் இரண்டு நோட்டும் சேர்த்து 60 ரூபாய், தனித்தனி விலை என்ன? அவன் தாளில் கேள்வி மட்டும் இருந்தது. கேள்வியை அப்படியே அழகாகப் பார்த்து எழுதியிருந்தான். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

கோபம்தான் வந்தது. நேற்றுப் போட்டவனுக்கு இன்று என்ன? மதிய உணவு இடைவேளையில் நிறுத்தி வைத்து, புத்தகத்தைக் கையில் கொடுத்து, "டேய், இந்தக் கேள்வியைப் படி" என்றேன். புத்தகத்தை வாங்கினான். கொஞ்ச நேரம் பார்த்தான். "கண்ணு சரியாத் தெரியலைங்க சார்" என்றான். இரண்டு வாரம் முன்னால்தான் கண் பரிசோதனைக்கு ஆள் வந்துவிட்டுப் போயிருந்தார்கள். நான்கு பேருக்குக் கண்ணாடி எழுதினார்கள். அவன் கண்ணில் ஒன்றும் இல்லை. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். பதினான்கு வயதுப் பையன், என் முகத்தைப் பார்க்காமல், புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். புத்தகம் லேசாக ஆடியது. அந்த ஆட்டத்தைப் பார்த்த பிறகுதான் என் கோபம் நின்றது.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தேன். 'கடை'. "க... டை... கடைங்க சார்." அடுத்தது 'தொகை'. அங்கே நின்றுவிட்டான். தமிழில் 'தொ' என்ற எழுத்து எப்படி இருக்கிறது என்று நமக்கு நினைவே இருப்பதில்லை. முன்னால் ஒரு கொம்பு, நடுவில் த, பின்னால் ஒரு கால். இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக எட்டு வைக்கிற பிள்ளைக்கு முதலில் கொம்பு வருகிறது, அதற்குச் சத்தம் கிடையாது. அப்புறம் த வருகிறது. கொம்பையும் சேர்த்துத் 'தெ' என்று முடிவு செய்தபிறகு கால் வந்து அதை மாற்றிவிடுகிறது. அவன் "தெ" என்றான், பிறகு "தா" என்றான், பிறகு நிறுத்திவிட்டான். க, ங, ச வரிசையாகச் சொல்லச் சொன்னால் சொல்வான். தனித்தனி எழுத்து தெரியும். எழுத்துகள் சேர்ந்து நிற்கும்போது அவனுக்கு அது ஒரு படம். படத்தைப் பார்த்து வரைவதில்தான் அவன் கெட்டிக்காரன். அந்த அழகான கையெழுத்து அத்தனையும் ஓவியம். ஒன்பது வருடமாக வரைந்துகொண்டிருக்கிறான். அதை நான் அதிகாரிக்கு எடுத்துக் காட்டியிருக்கிறேன்.

எழுந்து போகும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "யாருகிட்டயும் சொல்லீராதீங்க சார்."

நடுவில் விழுந்த வகுப்பு

எப்படி ஒன்பதாம் வகுப்பு வரை வந்தான் என்று கேட்பவர்களுக்கு உடனே ஒரு பதில் தயாராக இருக்கும். எட்டாம் வகுப்பு வரை எல்லோரையும் தேர்ச்சி போடுவதால்தான் இப்படி என்பார்கள். ஆசிரியர் அறையிலும் இதையே கேட்கிறேன். எனக்கு இது ஒப்பவில்லை. ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019-ல் இங்கே அறிவித்தார்கள், எதிர்ப்பு எழுந்து 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள். அது நடந்திருந்தால் இவன் ஐந்தாம் வகுப்பில் தோற்றிருப்பான். தோற்ற பையனை எங்கள் ஊரில் யாரும் மறுபடி ஐந்தாம் வகுப்பில் உட்கார வைக்க மாட்டார்கள். தார் சுற்றும், அதாவது ஊடை நூலைக் குச்சியில் சுற்றும், மெஷின் முன்னால்தான் உட்கார வைப்பார்கள்.

அவன் வருடங்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது நான்காம் வகுப்பு. ஐந்தாம் வகுப்புக்கு ஒரு நாள்கூடப் பள்ளி வாசலை மிதிக்கவில்லை. கல்வித் தொலைக்காட்சி ஓடியது, ஆனால் தறிச் சத்தத்தில் அது அவனுக்கு எவ்வளவு கேட்டிருக்கும்? 2021 நவம்பர் 1-ல் திறந்தபோது நேராக ஆறாம் வகுப்பு. இல்லம் தேடிக் கல்வி வந்தது, தன்னார்வலர்கள் மாலையில் சொல்லிக்கொடுத்தார்கள், அந்த நேரத்தில் இவன் பட்டறையில். 2022 ஜூனில், அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் சொல்லித்தரும் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது. சின்ன வகுப்புகளில் அது நல்ல மாற்றத்தைக் கொண்டுவந்ததை என் தங்கை மகளிடமே பார்த்தேன். ஆனால் தொடங்கியபோது அது ஒன்று முதல் மூன்று வகுப்புக்கு. இவன் அப்போது ஏழாம் வகுப்பு. 2025-ல், பின்தங்கிய பிள்ளைகளுக்கு அடிப்படையைச் சொல்லித்தரும் திறன் இயக்கம் வந்தது, ஆறு முதல் ஒன்பது வரை. இவன் பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டான். ஒவ்வொரு திட்டமும் நல்ல எண்ணத்தோடுதான் வந்தது. ஒவ்வொன்றும் இவனை வயதிலோ நேரத்திலோ தவறவிட்டது. இவன் ஒருவன் மட்டும் இல்லை, அந்த ஒரு செட்டே அப்படித்தான்.

காலை உணவும் அப்படியே. ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. இவன் தங்கையைத் தொடக்கப் பள்ளியில் விட்டுவிட்டு வருவான். அங்கே அவள் பொங்கல் சாப்பிடுவாள். இவன் மதியச் சத்துணவு வரை ஒன்றும் சாப்பிடாமல் இருப்பான். இரண்டாவது பாடவேளைத் தூக்கத்தில் பாதி பசி என்பதை அவன் தங்கை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த வாரமே அவன் வீட்டுக்குப் போனேன். வீடு என்பது பட்டறையை ஒட்டிய இரண்டு அறை. உள்ளே பேச முடியாது. தறிக்காரர்கள் கையாலும் உதட்டாலும் பேசிக்கொள்கிறார்கள். அம்மா என்னைப் பார்த்ததும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தெருமுனை வரை கூட்டிவந்துவிட்டார். "எம்பட பையன் ஏதாவது தப்புப் பண்ணீட்டானுங்களா சாருங்க?" பள்ளியிலிருந்து ஆள் வந்தால் அது ஒன்றுக்குத்தான் என்று அவருக்குப் பழக்கம். தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணம் கழியவில்லை. அப்பா ராத்திரி ஷிப்ட், அம்மா பகல். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பையன் தார் சுற்றுவான், பாவு நூல் அறுந்தால் முடிச்சுப் போடுவான், பதினொன்று, பன்னிரண்டு ஆகிவிடும். சனிக்கிழமை கூலி. ஞாயிறு மட்டும் தறி ஓடாது, ஆனால் திங்களுக்கான தார் முழுவதையும் அன்றே சுற்றி வைக்க வேண்டும். திங்கட்கிழமை ஏன் வரவில்லை என்பதற்கு நான் எழுதிய காரணம் 'வருகை குறைவு'. வரவில்லை என்பதற்குக் காரணம் வரவில்லை.

குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பிறகு பிள்ளை உதவலாம் என்று 2016-ல் திருத்திய சட்டமே இடம் கொடுக்கிறது. பதினான்கு தாண்டிவிட்டால் இன்னும் எளிது. தறி அவர்களுடையது இல்லை, ஆனால் யார் வந்து கேட்டாலும் வீட்டு வேலைக்கு உதவுகிறான் என்று சொல்லிவிடலாம். அந்தக் கடனை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. முதலாளியிடம் நான் பேசவில்லை. அம்மாதான் பேசினார். பத்து மணிக்குப் பையனை விட்டுவிட வேண்டும் என்று மட்டும் கேட்டு வாங்கினார். ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ தூக்கம் கிடைத்தது.

அன்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பும்போது வேறொரு அம்மா நினைவுக்கு வந்தார். பல வருடம் முன்பு, நான் இருந்த வேறொரு பள்ளியில். நூறு சதவீதத் தேர்ச்சிக்கு ஒரே ஒரு பையன் தடையாக இருந்தான். தேர்வுப் பட்டியல் போவதற்கு முன் அந்த அம்மாவைக் கூப்பிட்டு, தனித்தேர்வராக எழுதினால் பையனுக்கு நெருக்கடி இருக்காது, நிதானமாக எழுதலாம் என்று பக்குவமாகச் சொன்னவர்களில் நானும் ஒருவன். அவருக்கு ஆட்சேபணையே இல்லை. சார் சொன்னால் சரி என்று கைநாட்டு வைத்தார். மாற்றுச் சான்றிதழிலும் காரணம் என்று ஓர் இடம் உண்டு. 'பெற்றோரின் விருப்பப்படி' என்று எழுதினோம். அவன் தனித்தேர்வு எழுதினானா என்று நான் விசாரித்ததே இல்லை. அந்த வருடம் எங்களுக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்தது.

சாவி

யாரிடமும் சொல்லாதே என்றான். ஆனால் நான் கணக்கு வாத்தியார், எனக்கு வாசிப்பு சொல்லிக்கொடுக்கத் தெரியாது. அவனிடமே அனுமதி கேட்டேன். தமிழம்மாவிடம் மட்டும் சொல்லட்டுமா? ஒரு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றான். தமிழம்மா வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநரை வரவழைத்துக் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். இருந்தால் சான்றிதழ் வாங்கித் தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம். அந்தப் பயிற்றுநர் இரண்டு நாள் அவனோடு உட்கார்ந்துவிட்டு, அப்படித் தெரியவில்லை, இவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான் என்றார். கேட்டபோது ஆறுதலாக இருந்தது. அப்புறம் வெட்கமாக இருந்தது.

தமிழம்மா போட்ட முதல் நிபந்தனை, "ஒண்ணாம் வகுப்புப் புத்தகத்தை அவன் கையில குடுத்துடாதீங்க சார், ஓடிப் போயிடுவான்" என்பது. தறிப் பட்டறையில் தினம் புழங்கும் சொற்களை அவனிடமே கேட்டு எழுதி வரச் சொன்னார். தறி, பாவு, ஊடை, நாடா, தார், நூல், கோன், கூலி. அவன் வாயில் ஏற்கெனவே இருக்கும் சொற்கள். அவற்றிலிருந்தே கால், கொம்பு எல்லாவற்றையும் பிரித்துக் காட்டினார். 'கோன்' வந்த அன்று கொம்பும் காலும் ஒரே எழுத்தின் இரண்டு கை என்று சொன்னாராம். இரண்டு கையையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் வாய் திறக்க வேண்டும். அது அவனுக்குப் பிடித்துப் போயிற்று. சீக்கிரம் வருவது ஏன் என்று மற்ற பிள்ளைகள் கேட்பார்களே என்று வகுப்பறைச் சாவியை அவனிடம் கொடுத்தோம். எட்டரை மணிக்கு வந்து கதவைத் திறப்பது அவன் பொறுப்பு. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தமிழம்மா இரண்டு இட்லியும் கொண்டுவருவார்.

என் பங்குக்கு நான் செய்தது மிகச் சின்ன விஷயம். வாக்கியக் கணக்கு எதுவானாலும், வகுப்பில் நான் வைக்கும் சின்னத் தேர்வானாலும், முதலில் நானே இரண்டு முறை உரக்க வாசித்தேன். அதற்குப் பிறகுதான் போடச் சொன்னேன். அவனுக்காகத் தொடங்கினேன், அடுத்த தேர்வில் இன்னும் நான்கு பேர் வாக்கியக் கணக்கைத் தொட்டிருந்தார்கள். அந்த நான்கு பேரும் என் பட்டியலில் கவனக்குறைவு. சிறப்பு வகுப்பு, கையேடு, தினசரித் தேர்வு என்று நான் வருடக்கணக்காக ஓடிய எதுவும் இவ்வளவு சீக்கிரம் பலன் தந்ததில்லை. "ஏன் படிக்கலை" என்று கேட்பதையும் விட்டுவிட்டேன். "நேத்து ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கின?" என்று தனியாகக் கேட்கிறேன். இந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் பொய் சொல்வதில்லை. ஒரு பெண் பிள்ளை, பெண் பார்க்க வந்துவிட்டுப் போனதால் தூங்கவில்லை என்றாள். கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருமே என்று அவள் அப்பாவிடம் பேச ஒரு வழி கிடைத்தது. இப்போதைக்குப் பேச்சு தள்ளிப் போயிருக்கிறது.

எல்லாம் நேர்கோட்டில் போகவில்லை. ஜனவரியில் பதினொரு நாள் அவன் வரவில்லை. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் இவன் இரண்டு தறி பார்த்தான். திரும்பி வந்தபோது பாதி மறந்திருந்தது. சாவியை மட்டும் தங்கையிடம் கொடுத்து அனுப்பியிருந்தான், அதனால்தான் வருவான் என்று நம்பினேன்.

இந்த ஜூலையில் மறுபடி பட்டியல் வந்தது. அவன் பெயருக்கு நேரே காரணம் கட்டத்தில் என்ன எழுதுவது? எனக்கு இப்போது உண்மையான காரணம் தெரியும். ஆனால் அது என்னை நம்பிச் சொன்னது. அந்தத் தாள் எத்தனை மேசை மாறும் என்று எனக்குத் தெரியும். 'நேரில் தெரிவிக்கிறேன்' என்று எழுதினேன். தலைமையாசிரியர் கூப்பிட்டுக் கேட்டார். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். மற்ற பத்தொன்பது பெயர்களுக்கு அந்த முறை பத்து நாள் ஆனது.

தொடுகோடும் வரைபடமும் அவனுக்கும் சொல்லிக்கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த 35 அவனுக்கு வேண்டும். ஐ.டி.ஐ. போக வேண்டும் என்கிறான். வாசிப்பு வரும் வரை தேர்வு காத்திருக்காது.

இப்போது அவன் காலாண்டு விடைத்தாள் என் முன்னால் இருக்கிறது. தேர்வு அறையில் யாரும் கேள்வியை வாசித்துக் காட்டக் கூடாது, நானும் வாசிக்கவில்லை. ஓர் அரங்கில் முதல் வரிசையில் 20 இருக்கைகள், ஒவ்வொரு வரிசையிலும் முந்தையதைவிட இரண்டு இருக்கைகள் அதிகம், 30-வது வரிசையில் எத்தனை என்று ஒரு கேள்வி. 78 வர வேண்டும். அவன் 80 என்று எழுதியிருக்கிறான். முப்பது தடவை இரண்டைக் கூட்டியிருக்கிறான். இருபத்தொன்பது தடவைதான் கூட்ட வேண்டும். கேள்வியை வாசித்துப் புரிந்துகொண்டவன் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. கையெழுத்துகூட முன்பு போல அழகாக இல்லை, கொஞ்சம் அவசரமாக இருக்கிறது. இரண்டுக்கு ஒன்று போட்டிருக்கிறேன். பள்ளி திறக்க இன்னும் நான்கு நாள் இருக்கிறது. திறந்ததும் அவன் கதவைத் திறக்கிற நேரத்துக்கே போய், முதல் மூன்று வரிசை இருக்கைகளைக் கரும்பலகையில் வரைந்து காட்ட வேண்டும்.